நூற்றுப் பன்னிரண்டாவது தாள்

பண்ணைக்காடு
27.10.2024

அன்புள்ள அத்தைக்கு ரோகிணி எழுதுவது.

நான் முதலில் கவனித்தது அந்தக் கதவின் தாழ்ப்பாள்களைத்தான். சண்முகவள்ளி டீச்சர் வீட்டு முன்கதவில், உள்பக்கமாக, மூன்று தாழ்ப்பாள்கள் இருக்கின்றன. கீழே மரத்தில் ஒன்று, நடுவில் இரும்பில் ஒன்று, மேலே பித்தளையில் ஒன்று. மூன்றையும் ஒரே நாளில் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது.

நான் ஏன் அந்த வீட்டுக்குள் போனேன் என்று கேட்பீர்கள். டீச்சர் மழையில் களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. எண்பத்து நாலு வயது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து, தம்பி மகன் தண்டாயுதபாணி சார் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வரும்வரை தினமும் வீட்டைத் திறந்து பெருக்கி, பூனைக்குச் சோறு வைக்கிற சோலி எனக்கு. ஆள் இல்லாத வீடு என்பதால் நான் ஒத்துக்கொண்டேன். யாரோடும் பேச வேண்டியதில்லை.

அலமாரியில் கரையான் ஏறுகிறது, பழைய பேப்பரையெல்லாம் வெளியே போடு என்று தண்டாயுதபாணி சார் சொல்லிவிட்டுப் போனார். மேல் தட்டில் சிவப்புக் கயிறு போட்டு ஒரு பெரிய கட்டு இருந்தது. பிரித்துப் பார்த்தேன். எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் மாதத் தேர்வு விடைத்தாள். தாள் நல்ல கெட்டி. எரிக்க மனசு வரவில்லை. உங்கள் கடைக்கு விபூதிப் பொட்டலம் மடிக்க ஆகுமே என்று ஒரு சாக்கில் போட்டு, அப்பா பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழை ஏற்றி வரும் ஜீப்பிலேயே அனுப்புகிறேன்.

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது, எனக்குப் பேச்சு வராது, இரண்டு பேருக்கும் தபால்காரர்தான் லாயக்கு என்று அப்பா சிரிக்கிறார்.

உங்கள்
ரோகிணி


பழனி அடிவாரம்
6.11.2024

ரோகிணிக் கண்ணுக்கு அத்தை எழுதிக்கொண்டது.

சாக்கு வந்து சேர்ந்தது. பேப்பர் நல்லாத்தான் கெடக்கு. நியூஸ் பேப்பர்ல மடிச்சா விபூதி எல்லாம் மை ஒட்டிக்குது, பிளாஸ்டிக் கவரை இங்க விடமாட்டாங்க. இது கெட்டித் தாள். தாளுக்கு ஒண்ணா பெரிய பொட்டலம் போடலாம்னு இருக்கேன். கார்த்திகை பொறந்தா ஐயப்ப சாமிமார் கூட்டம் வந்துரும். நீ அனுப்பினது நேரத்துக்கு ஆச்சு.

உங்க மாமா சுகம். என் முட்டியைப் பத்தி நீ ஒருத்திதான் கேக்குற. அது அப்படியே இருக்கு.

அந்த டீச்சர் இன்னும் இருக்காங்களா. எட்டாவதுல எனக்கும் அவங்கதான்.

வெள்ளனே எந்திரிச்சா சுடுதண்ணி குடி. பனி இறங்குற மாசம்.

அத்தை
முருகேஸ்வரி


மதுரை
12.11.2024

ரோகிணி,

நேற்று போனில் நான் கேட்ட ஆறு கேள்விகளுக்கும் நீ "ம்" என்று பதில் சொன்னாய். ஆறில் இரண்டு கேள்விகளுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் நீ எப்படி என்று பார்க்கலாம்.

கால் ஊன்ற ஆரம்பித்திருக்கிறேன். கம்பி நாற்காலி போல ஒன்றைக் கொடுத்து அதைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். பொங்கல் கழிந்துதான் மலை ஏற விடுவார்களாம்.

செய்ய வேண்டியவை: மிளகுக் கொடிக்கு அடியில் தண்ணீர் தேங்கவிடாதே. பூனைக்குப் பால் வைத்துப் பழக்காதே, பிறகு என்னிடம் கேட்கும். முக்கியமானது ஒன்று. அலமாரி மேல் தட்டில் சிவப்புக் கயிறு கட்டிய விடைத்தாள் கட்டு இருக்கும். ஈரம் படாமல் அதை என் கட்டிலுக்குப் பக்கத்துப் பெட்டியில் வை.

தண்டாயுதபாணி அதைப் பழைய பேப்பர் என்று நினைக்கிறான். நினைக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். தாள்களின் பின்பக்கத்தில் நான் என் வாழ்க்கையை எழுதியிருக்கிறேன். மூலையில் எண் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள், இருபது வருஷம். வேறு பிரதி கிடையாது. இனி என் கை அவ்வளவு எழுதாது. வீட்டில் அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. மற்றதெல்லாம் கரையானுக்கு.

அம்மா உடம்பு தேவலையா?

சண்முகவள்ளி


பண்ணைக்காடு
16.11.2024

அத்தை, முதலில் இதைப் படியுங்கள். நலம் விசாரிக்கிறதெல்லாம் அப்புறம்.

மடிக்காதீர்கள். ஒரு தாளையும் இனி மடிக்காதீர்கள். மடித்ததையும் கொடுக்காதீர்கள்.

அது விடைத்தாள் இல்லை. முன்பக்கம் மட்டும்தான் விடைத்தாள். பின்பக்கம் டீச்சர் எழுதிய புத்தகம். நான் மேலே இருந்த நாலைந்து தாளை மட்டும் பார்த்தேன். "எட்டாம் வகுப்பு, மாதத் தேர்வு" என்று இருந்தது, சிவப்பு மையில் மார்க் இருந்தது, மூடிவிட்டேன். திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை அத்தை. விடைத்தாளை யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

பின்பக்கம் மூலையில் எண் போட்டிருக்குமாம், இருநூற்றுப் பன்னிரண்டு வரை. எத்தனை இருக்கிறது என்று உடனே எழுதுங்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோகிணி


பண்ணைக்காடு
17.11.2024

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு ரோகிணி வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கால் ஊன்றி நடப்பது அறிந்து சந்தோஷம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது.

மிளகுக் கொடிக்கு அடியில் வாய்க்கால் எடுத்துவிட்டேன். பூனை இரண்டு நாள் காணாமல் போய் வந்தது. வலது காதில் கீறல் இருக்கிறது. யாரோடோ சண்டை போட்டிருக்கிறது. மஞ்சள் வைத்தேன், நக்கிவிட்டது. இப்போது தங்கள் நாற்காலியில்தான் தூங்குகிறது. விரட்டினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறது. ஆரஞ்சு மரத்தில் பதினொரு பழம் இருக்கிறது. பின்பக்க ஓட்டில் ஒன்று விலகியிருந்தது, அப்பா வந்து சரிசெய்தார். மழை நின்றபாடில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ரோகிணி


பழனி அடிவாரம்
25.11.2024

ரோகிணிக் கண்ணு,

பதறாத. பதறினா தாள் திரும்பி வந்துருமா.

கையில கெடந்தது நூத்தி எழுபது. கடையில கொடுக்காம தட்டுல இருந்த பொட்டலம் இருபதைப் பிரிச்சு, விபூதியைத் தட்டிட்டு, தலையணைக்கு அடியில வச்சு மடிப்பை எடுத்திருக்கேன். ஆக நூத்தித் தொண்ணூறு. இருபத்திரண்டு போயிருச்சு. எந்த ஊருக்குப் போச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? பாலக்காட்டு சாமிமார் வந்தாங்க, ஈரோட்டு பஸ் ரெண்டு வந்துச்சு. யாரு வீட்டுப் பூஜை மாடத்துல கெடக்கோ.

ஒண்ணு சொல்றேன். நான் எதையும் படிக்காம மடிக்க மாட்டேன். காது போனவளுக்கு வேற என்ன பொழுதுபோக்கு? பொட்டலம் போடுற பேப்பர்ல பாதிச் சேதி படிச்சுத்தான் எனக்கு நாட்டு நடப்பு தெரியும். அதனால போன தாளும் எனக்குப் பெரும்பாலும் ஞாபகத்துல இருக்கு. உக்காந்து எழுதித் தாரேன். கொஞ்சம் நாள் கொடு, கூட்டம் நெறைய.

அவங்க நம்ம பழனிதான், தெரியுமா உனக்கு? கோயிலுக்குப் பூக்கட்டுற குடும்பம். கல்யாணம் பேசி முடிச்ச வாரத்துல, வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்திருக்கு. அவங்க அப்பா சொன்னாராம், "மலைக்குப் போறவ சாமி கும்பிட்டு இறங்கணும், நீ எந்த மலையில போய்த் தங்கப் போற?" இவங்க ஒரு டிரங்குப் பெட்டியோட பஸ் ஏறிட்டாங்க. அறுபத்தி ஒண்ணாம் வருஷம். பண்ணைக்காட்டுல தனிப் பொம்பளைக்கு ஒருத்தரும் வீடு தரலையாம். கடைசியில காப்பிக்கொட்டை போட்டு வைக்கிற கிடங்கைக் குடுத்திருக்காங்க. ஹெட்மாஸ்டர், "தனியா எப்படிம்மா இருப்பே?"ன்னு கேட்டதுக்கு, "தாழ்ப்பாள் இருக்குங்க"ன்னாங்களாம். நீ பார்த்த மரத் தாழ்ப்பாள் அதுதான் போல. எஸ்டேட்டுல பொம்பளையாளுக்கு நடக்குறதை ஒரு கதையா எழுதி அது அச்சுல வந்தப்போ யாரோ கதவுல கல்லெறிஞ்சிருக்காங்க. இரும்புத் தாழ்ப்பாள் அதுக்கப்புறம்.

முதல் கதையை ச.வ.ன்னு மட்டும் போட்டு அனுப்பினாங்களாம். பத்திரிகைக்காரர் "அன்புள்ள ஐயா"ன்னு பதில் போட்டிருக்காரு. இவங்க திருப்பி எழுதினது: "ஐயா அல்ல. வயது இருபத்திரண்டுதான், எனவே அம்மாவும் அல்ல. பெயர் சொல்லி அழைக்கலாம்." படிச்சிட்டுக் கடையில தனியா சிரிச்சேன். உங்க மாமா விபூதியைப் பூசிவிட வந்துட்டாரு.

சாப்பிடு முதல்ல.

அத்தை


மதுரை
3.12.2024

ரோகிணி,

எழுத்தில் நீ "ம்" இல்லை. பூனையின் ஒற்றைக் கண் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இப்படி எழுதுகிற பெண் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று தோன்றியது. நான் கேட்கப் போவதில்லை. முப்பத்தேழு வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டாயிற்று.

இங்கே நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். மூன்று வேளையும் சாப்பாடு கட்டிலுக்கு வருகிறது. யாரும் என்னிடம் எதற்கும் அபிப்பிராயம் கேட்பதில்லை. முந்தாநாள் தண்டாயுதபாணி, "அந்த வீட்டை என்ன பண்ணலாம் அத்தை?" என்றான். "பெருக்கலாம்" என்றேன்.

மலைக்குப் போனால் மிச்சமுள்ள ஒரு அத்தியாயத்தை எழுதி முடித்துவிடுவேன். படித்துப் பார்க்க யாராவது கேட்டால் கொடுப்பேன். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுவேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக ஒரு வீட்டில் இருந்தாள், ஒரு நாள்கூட அதற்காக வருத்தப்படவில்லை என்று ஒரு இடத்திலாவது எழுதி வைக்க வேண்டும்.

உன் கடிதத்தில் மிளகு இருந்தது, ஓடு இருந்தது, பதினொரு ஆரஞ்சு இருந்தது. கட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

சண்முகவள்ளி


பழனி அடிவாரம்
20.12.2024

கண்ணு,

பார்சல் பிரிக்கும்போது பார்த்துப் பிரி. நூத்தித் தொண்ணூறு தாளும் எண் வரிசையில அடுக்கியிருக்கேன். மடிப்பு விழுந்த இருபதும் விபூதி வாசம் அடிக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

தனியா ஒரு நோட்டு இருக்கு. போன இருபத்திரண்டு தாளும் ஞாபகத்துல இருந்து எழுதினது. சிலது ரெண்டு வரிதான் வந்துச்சு. 64ஆம் தாள்ல ஏதோ இன்ஸ்பெக்டர் வாராரு, அதுக்கு மேல எனக்கு வரல. 87ல புத்தகப் பெட்டி மழையில நனஞ்சது, வெயில்ல காயப்போட்டு ஒவ்வொரு ஏடாப் பிரிச்சது. 112ல அவங்க அம்மா வந்து போனது. 150ல ரிட்டயர் ஆகி அந்தக் கிடங்கையே சொந்தமா வாங்கி, பித்தளைத் தாழ்ப்பாள் போட்டது. இப்படியே போகும்.

டீச்சர்கிட்ட நீ என்ன எழுதின? ஒண்ணும் எழுதியிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா.

முட்டிவலியைப் பத்தி இந்தத் தடவை நீ கேக்கல.

அத்தை


பண்ணைக்காடு
27.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன தடவை கேட்காதது தப்பு.

பார்சல் பத்திரமாக வந்தது. டீச்சர் கட்டில் பக்கத்துப் பெட்டியில் வைத்து, மேலே கற்பூரம் போட்டிருக்கிறேன். உங்கள் நோட்டை மூன்று முறை படித்தேன். நீங்கள் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒன்று கேட்கலாமா? கோபித்துக்கொள்ளக் கூடாது.

மற்ற தாள்களுக்கெல்லாம் இரண்டு வரி, ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள். "இப்படி என்னமோ வரும்" என்று இடையில் போட்டிருக்கிறீர்கள். 112 மட்டும் முழுப் பக்கம். டீச்சரின் அம்மா பழனியிலிருந்து பஸ்ஸில் வாடின பூப்பந்தோடு வருகிறார்கள். கிடங்கைச் சுற்றிப் பார்க்கிறார்கள். "யாரு சமைக்கிறா?" என்று கேட்கிறார்கள். "நான்தான்." "யாருக்கு?" "எனக்கு." பிறகு சாப்பிட்டுவிட்டு, மூலையில் இருந்த நோட்டு மூட்டையைக் காட்டி, "இத்தனை பேரு உன் கையெழுத்துக்குக் காத்துக் கெடக்காங்களா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் "அம்மா அழுதாள்" என்று எழுதி, அதை அடித்து, "அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த அடித்தலை நீங்கள் அடிக்கவில்லை அத்தை. டீச்சர் அப்படித்தான் அடிப்பார்கள், இரண்டு கோடு போட்டு, கடைசியில் ஒரு சின்னக் கொக்கி. பார்த்து எழுதினால்தான் அப்படி வரும்.

அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறதா?

ரோகிணி


பண்ணைக்காடு
5.1.2025

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். போன கடிதத்தில் பூனையைப் பற்றி நிறைய எழுதினேன். கட்டைப் பற்றி எழுதாமல் இருக்கத்தான் பூனையைப் பற்றி எழுதினேன்.

நீங்கள் எழுதுவதற்கு முன்பே அந்தக் கட்டை நான் பழைய பேப்பர் என்று பழனிக்கு அனுப்பிவிட்டேன். அங்கே என் அத்தை விபூதிக் கடை வைத்திருக்கிறார்கள். பொட்டலம் மடிக்க அனுப்பினேன். பின்பக்கம் பார்க்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்றுத் தொண்ணூறு திரும்பி வந்துவிட்டது. அதில் இருபது தாள் மடிந்திருக்கிறது. மற்றது போய்விட்டது. பாலக்காடு, ஈரோடு என்று போயிருக்கிறது, யார் வீட்டுக்கு என்று தெரியாது. அத்தை படித்த ஞாபகத்தில் எழுதித் தந்த நோட்டு இருக்கிறது.

இதைச் சொல்ல ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றதற்கு நீங்கள் காரணம் கேட்கவில்லை. வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்வார்கள், எனக்குக் குரல் வராது, எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. அவ்வளவுதான். உங்கள் புத்தகத்துக்கு நான் செய்ததற்கு முன்னால் இதை ஒளித்து வைப்பது சரியில்லை என்று தோன்றியது.

நீங்கள் வரும்வரை வீட்டைப் பெருக்குவேன். வேண்டாம் என்றால் சாவியை அனுப்பிவிடுகிறேன்.

ரோகிணி


பழனி அடிவாரம்
17.1.2025

ரோகிணி,

மூணு வாரமா உனக்கு எழுதல. உடம்புக்கு ஒண்ணுமில்ல. எழுதக் கை வரல.

தாள் என்கிட்டதான் இருந்துச்சு. இந்தக் கவர்ல வச்சிருக்கேன். முன்பக்கத்தைப் பாரு. மேல என் பேரு இருக்கும். எட்டாம் வகுப்பு, முருகேஸ்வரி. வரலாறு.

அந்த வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து இருபது நாள் கெடந்தேன். எந்திரிச்சப்போ காது கேக்கல. வீட்டுல சொல்லல. சொன்னா வைத்தியம்னு செலவு, அப்புறம் கட்டிக் கொடுக்க முடியாதுன்னு அழுவாங்க. வாயைப் பார்த்துப் புரிஞ்சிக்கிட்டுச் சமாளிச்சேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. மாதத் தேர்வுக்குக் கேள்வித்தாள் கெடையாது. டீச்சர் கேள்வியை வாசிப்பாங்க, நாங்க எழுதிக்கணும். அவங்க நடந்துக்கிட்டே வாசிப்பாங்க. எனக்கு அவங்க முதுகுதான் தெரிஞ்சுச்சு. நானா என்ன கேட்டிருப்பாங்கன்னு நெனச்சு, சோழர்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதினேன். அவங்க கேட்டது வேற.

ஏழு மார்க்கு. கீழ சிவப்பு மையில "வகுப்பில் கவனமில்லை"ன்னு எழுதியிருப்பாங்க பாரு. அதுக்குக் கீழ எங்க அப்பா கைநாட்டு. யாரோ படிச்சுச் சொல்லியிருக்காங்க. கவனமில்லாத புள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்னுட்டாரு. தாளை உங்க அப்பாதான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். நான் போகல.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே பின்பக்கம் அவங்க புத்தகம்னு எனக்குத் தெரியும். நான்தான் படிக்காம மடிக்க மாட்டேனே. முதல்ல படிச்சுப் படிச்சு ஒதுக்கித்தான் வச்சேன், உனக்கு எழுதிக் கேக்கலாம்னு. அப்போ இந்தத் தாள் கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் வெரசா மடிச்சேன். தெரிஞ்சேதான் மடிச்சேன். நாலு நாள் மடிச்சேன். அப்புறம் உன் கடிதம் வந்துச்சு.

பின்பக்கம் அவங்க அம்மா. முன்பக்கம் நான். கொடுக்கிறதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுத்தா முன்பக்கம் மேல இருக்கணும்.

என்னை அங்க வரச் சொல்லி எழுதாத. வரமாட்டேன்.

அத்தை


பழனி அடிவாரம், உங்கள் கடைக்கு எதிரில், ஜீப்புக்குள்
29.1.2025

அத்தை,

நீங்கள் வரமாட்டேன் என்று எழுதியதால் நாங்கள் வந்திருக்கிறோம். நிமிர்ந்து பார்த்தால் தெரியும், தேங்காய்க் கடையை ஒட்டி நிற்கிற பச்சை ஜீப். பாதயாத்திரைக்காரர்கள் வண்டியை உரசிக்கொண்டு போகிறார்கள். டீச்சர் முன் சீட்டில் இருக்கிறார்கள். அவர்களால் இறங்க முடியாது. நான் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் உங்களுக்குக் கேட்காது, எனக்கும் பாதியில் நின்றுவிடும்.

என் கடிதத்துக்கு டீச்சர் பதில் போடவில்லை. போன புதன்கிழமை காரில் வந்து இறங்கினார்கள். "எங்கே?" என்றார்கள். பெட்டியைத் திறந்தேன். மடிப்பு விழுந்த தாள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்கள்.

"யாரு இதை எடுத்து வெளியே போடச் சொன்னது?"

தண்டாயுதபாணி சார் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அனுப்பினேன்" என்றேன்.

"போ. நாளைக்கு வராதே."

நான்கு நாள் போகவில்லை. வீட்டில் சுருண்டு படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். உங்கள் நோட்டு அவர்கள் மடியில் இருந்தது. "கோபம் போகல. ஆனா உன் அத்தை ரெண்டு இடத்துல என்னைவிட நல்லா எழுதியிருக்கா" என்றார்கள். பிறகு, "எந்தப் பதிப்பாளனும் என்னைப் பாலக்காடு வரைக்கும் கொண்டுபோனதில்லை" என்று சொல்லி அவர்களாகவே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அப்போதுதான் தாளைக் கொடுத்தேன். நீங்கள் சொன்ன மாதிரி முன்பக்கம் மேலே இருக்கும்படி.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்கள். திருப்பவே இல்லை.

"இவளுக்குக் காது எப்போ போச்சு?"

"எட்டாவதுல. இந்தப் பரீட்சைக்கு முன்னாடி."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நீங்க நடந்துக்கிட்டே வாசிப்பீங்களாம். முதுகுதான் தெரிஞ்சுதாம்."

பூனை மடியில் ஏறியது, இறக்கிவிட்டார்கள். பிறகு, "நடந்துக்கிட்டே வாசிச்சாத்தான் கடைசி பெஞ்சுக்கும் கேக்கும்னு நெனச்சேன்" என்றார்கள். அப்புறம், "ஜீப்பு கெடைக்குமா?" என்றார்கள். தண்டாயுதபாணி சார் போனில் கத்தினார், இடுப்பு இருக்கிற இருப்பில் இத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்குவதா என்று. "இடுப்பு என்னுது" என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் தெரிந்தே மடித்ததை நான் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

இனி வருவது டீச்சர் சொல்ல நான் எழுதுவது. முதலில் ஆறு வரி சொன்னார்கள், எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார்கள். மிச்சம் இது:

முருகேஸ்வரி, உன் விடையை நேற்றும் இன்றும் படித்தேன். வரிசையாக எழுதியிருக்கிறாய். ஒரு பிழை இல்லை. கேள்விதான் வேறு. ஒரு பக்கம் முழுக்க இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற பெண்ணுக்குக் கவனம் இல்லாமல் இருக்காது. அதை அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டும். நான் மார்க்கைக் கூட்டினேன், பார்க்கவில்லை. நீ வராதபோது ஏன் வரவில்லை என்று கேட்டு வரவுமில்லை. தாள் உன்னுடையது, கொண்டுவந்திருக்கிறேன். என் அம்மாவை நீ ஏற்கனவே எனக்குப் பார்த்து எழுதித் தந்துவிட்டாய். நீ பார்க்க வேண்டாம் என்றால் நான் இப்படியே திரும்பிப் போகிறேன்.

"போதும். இதுக்கு மேல எழுதினா கெஞ்சுற மாதிரி ஆயிரும். போய்க் கொடு" என்கிறார்கள்.

கடையில் இப்போது ஆள் இல்லை. நீங்கள் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்குகிறேன்.

ரோகிணி